வேரில்லாப் பந்தல்

சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் கொண்டு எழுப்பப்படும் பந்தலுக்கும், மூங்கில் கால்களில் கயிறு இழுத்துக் கட்டி விரிக்கப்படும் சாமியானாவுக்கும் அடுத்தபடியாக, மடக்கி எடுத்துச் சென்று சில நிமிடங்களில் விரித்து நிறுத்தக்கூடிய உலோகச் சட்டகக் கூடாரம் இன்று தமிழகத்தின் தெருக்களிலும் திடல்களிலும் நிலையான இடம் பெற்றுவிட்டது. விற்பனையாளர்கள் இதனைக் கேனோபி என்றும், அளவில் பெரியதாயின் கெசிபோ என்றும் குறிப்பிடுகின்றனர். சாலையோரத்தில் சிம் கார்டு விற்போரும், கண் பரிசோதனை முகாம் நடத்துவோரும், கோடையில் நீர்மோர் வழங்கும் கட்சிக் கிளையினரும், கண்காட்சிகளில் கடை விரிக்கும் சிறு வணிகரும் இதன்கீழ் அமர்ந்தே பகலைக் கழிக்கின்றனர். பந்தல்காரரும் அவருடைய ஆட்களும் அரை நாள் உழைத்துத் தரும் நிழலை, பழக்கமுள்ள இருவர் பத்து நிமிடங்களுக்குள் பெற்றுவிடலாம் என்பது இதன் பெருமை. இவ்வளவு எளிதில் எழுந்து நிற்பதாலேயே இதற்குரிய கவனத்தைப் பலரும் செலுத்தத் தவறுகின்றனர்.

பந்தலின் கால் ஓர் அடி, ஒன்றரை அடி ஆழக் குழியில் இறங்கி, சுற்றிலும் மண் இட்டுக் கெட்டிக்கப்பட்டு நிற்கிறது. சாமியானாவின் கால் தரைமேல் நின்றாலும், அதன் உச்சியிலிருந்து இறங்கும் கயிறுகள் முளைகளில் கட்டப்பட்டுத் துணியை மண்ணோடு பிணைக்கின்றன. மேலும், கீற்றுப் பந்தலில் ஓலைகளின் இடைவெளி வழியாகக் காற்று ஓரளவு கசிந்து செல்லும். மடக்குக் கூடாரத்திலோ உள்ளங்கை அகலத் தட்டுகள் பொருத்திய கால்கள் தரையைத் தொட்டபடி நிற்க, தலைக்குமேல் காற்றை எளிதில் விடாத பூச்சுத்துணி ஒன்று ஒன்பது சதுர மீட்டர் பரப்பில் இறுக்கமாக விரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இதனை நிறுத்தும் வேலை விரிப்பதில் தொடங்கினாலும், தரையோடு பிணைக்கும்போதுதான் முடிகிறது. பிணைக்காத கூடாரத்தை நிறுத்தி முடித்ததாகவே கொள்ளக் கூடாது.

கத்தரி அமைப்பு

சட்டகம் இயங்கும் விதத்தை அறிந்தவர் அதனை முரட்டுத்தனமாகக் கையாளமாட்டார். நான்கு கால்களையும் நான்கு பக்கங்களில் இணைப்பவை, இரண்டு தண்டுகள் நடுவில் ஓர் அச்சாணியால் பூட்டப்பட்டுப் பெருக்கல் குறி வடிவில் அமைந்த இணைகளாகும். கத்தரிக்கோலின் இரு அலகுகளும் இயங்குவதுபோல் இயங்குவதால் இதற்குக் கத்தரி அமைப்பு என்று பெயர். பத்தடிக்குப் பத்தடி, அதாவது ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரமான கூடாரத்தில் பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டு இணைகள் இருக்கும். இவற்றின் ஓரத் தண்டுகளில் ஒன்று காலின் உச்சியில் நிலையாகப் பொருத்தப்பட்ட மூலைப்பிடியிலும், மற்றொன்று காலின்மேல் ஏறி இறங்கும் நகர்பிடியிலும் இணைந்துள்ளன. நகர்பிடி கீழே இருக்கும்போது சட்டகம் ஒரு கட்டாகச் சுருங்கிக் கிடக்கும். மேலே ஏற ஏற நான்கு பக்கங்களும் ஒருசேர விரியும்.

இந்த ‘ஒருசேர’ என்பதில்தான் நுட்பம் அடங்கியுள்ளது. எல்லா இணைகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால் ஒரு மூலை விரிந்தால் ஏனைய மூலைகளும் விரிந்தாக வேண்டும். ஒரே மூலையைப் பிடித்து ஒருவர் இழுக்கும்போது, மற்ற கால்கள் தரையில் உராய்ந்து தடுப்பதால், அவருடைய விசையின் பெரும்பகுதி சட்டகத்தை விரிப்பதை விட்டுத் தண்டுகளை வளைப்பதில் செலவாகிறது. அதிலும் தண்டின் நடுவில் அச்சாணிக்காகத் துளையிடப்பட்ட இடம் இயல்பாகவே வலுக்குறைந்தது. வளைவு விசையும் அங்கேதான் மிகுதி. முறிந்த சட்டகங்களைப் பார்த்தால் பெரும்பாலும் முறிவு அத்துளையை ஒட்டியே ஓடியிருப்பதைக் காணலாம். நகர்பிடி மேலேறி, அதன் துளைக்குள் காலிலுள்ள பொத்தான் ‘டக்’கென்று வந்து விழும்வரை இது அசையும் பொறியாகவே இருக்கிறது, நான்கு மூலைகளிலும் அந்த ஒலி கேட்ட பிறகே சுமை தாங்கும் கட்டுமானமாக மாறுகிறது. மூன்று பொத்தான்கள் பூட்டி நான்காவது பூட்டாத கூடாரம், பார்வைக்கு நேராக நின்றாலும், முதல் காற்றிலேயே அந்த மூலை சரிந்து மற்ற மூன்று மூலைகளின் தண்டுகளையும் முறுக்கிவிடும்.

கத்தரி இணைகளைக் கொண்டு பெரிய கூரைகளையே மடக்கலாம் என்று காட்டியவர்களுள் ஸ்பானியக் கட்டடக் கலைஞர் எமிலியோ பேரெஸ் பிஞெரோ முதன்மையானவர். 1961இல் அவர் முன்வைத்த மடக்கக்கூடிய ஊர்சுற்று நாடக அரங்கின் வடிவமைப்பு இத்துறையின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. சந்தையிலும் கடற்கரையிலும் ஓரிருவர் தூக்கிச் செல்லும் சிறிய வடிவம் பரவியது 1980களின் அமெரிக்காவில். விரைந்து நிறுத்தும் மடக்குக் கூடாரத்துக்காக 1986இல் அங்கு மார்க் கார்ட்டர் பெற்ற காப்புரிமை அக்காலத்தைச் சேர்ந்தது.

காற்றின் கணக்கு

கூடாரத்தின் எடை, அளவையும் உலோகத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 15 முதல் 30 கிலோவுக்குள் அடங்கும். கையாள்வோருக்கு அது கனமாகத் தோன்றுவதால், தன் எடையாலேயே அது நின்றுகொள்ளும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சிறிய கணக்கு ஒன்று காட்டிவிடும். கட்டடங்களின்மீது காற்று செலுத்தும் சுமையைக் கணிக்க இந்தியாவில் பின்பற்றப்படும் ஐ.எஸ். 875 நெறித்தொகுப்பின் மூன்றாம் பகுதி, காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டர் என்ற அலகில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர்மீது விழும் அழுத்தம் நியூட்டன் அலகில் கிடைக்கும் என்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கு இது 60 நியூட்டன் ஆகிறது. ஒன்பது சதுர மீட்டர் கூரைக்கு 540 நியூட்டன், ஏறக்குறைய 55 கிலோ எடைக்குச் சமம். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டராக உயர்ந்தால் அது 124 கிலோவாகவும், 72 கிலோமீட்டரில் 220 கிலோவாகவும் ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. கூரையின் சரிவு, பக்கத்துணிகள், அருகிலுள்ள சுவர்கள் ஆகியவற்றைப் பொறுத்து உண்மையான தூக்குவிசை இதனினும் கூடவோ குறையவோ செய்யுமாயினும், 25 கிலோ எடையுள்ள ஒரு பொருள் எதனோடு மோத வேண்டியிருக்கிறது என்பதை அறிய இவ்வளவு போதும்.

ஆகவே ஒவ்வொரு காலிலும் எடை கட்டுவது கட்டாயமாகிறது. அமெரிக்க உழவர் சந்தைகள் பலவற்றில் காலுக்குக் குறைந்தது 24 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11 கிலோ எடை கட்டியிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி; 40 பவுண்டு, அதாவது 18 கிலோ கேட்கும் சந்தைகளும் உண்டு. மேற்கண்ட கணக்கின்படி முதலாவது அளவு இளங்காற்றுக்கே போதுமானது. இரண்டாவதையே குறைந்தபட்சமாகக் கொள்வது நன்று. காற்று நான்கு கால்களையும் ஒரே அளவில் தூக்குவதில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். வீசும் பக்கத்து இரு கால்களே முதலில் எழ முற்படும். அப்போது எதிர்ப்பக்க எடைகள் பிடித்து நிறுத்துவதற்குப் பெரிதும் உதவா. எனவே மொத்த எடையைக் கணக்கிட்டு ஆறுதல் கொள்வதைவிடக் காலுக்குக் கால் எடையைச் சரிபார்ப்பதே பொருத்தமானது.

தார்ச்சாலையிலும் பேவர் பிளாக் பதித்த நடைபாதையிலும் முளை அடிக்க வழியில்லை. அங்கே எடையைத் தவிர வேறு துணை கிடையாது. வீடுகளுக்குக் குடிநீர் வரும் 20 லிட்டர் கேன் நிரம்பியிருக்கும்போது 20 கிலோ இருக்குமாதலால், காலோடு சேர்த்து இறுகக் கட்டினால் அவசரத்துக்கு உதவும். ஆனால் வெயில் ஏற ஏறக் குடிப்பதற்கென்று அதே கேனைத் திறக்கும் வழக்கம் முகாம்களில் உண்டு என்பதால், எடைக்கான கேனைக் குடிநீருக்குத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். நிலையாகப் பயன்படுத்துவோர், நான்கு அங்குலக் குறுக்களவுள்ள பி.வி.சி. குழாயை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மூடி, கான்கிரீட் நிரப்பி, மேல்முனையில் கொக்கி ஒன்றைப் பதித்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். காலோடு ஒட்டி நிற்பதால் நடப்போர் காலில் இடறாது. ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்கு வரும். மணல் மூட்டையும் நன்றே, மூட்டை கிழியாதவரை. தனித்த செங்கல்லையும் கருங்கல்லையும் காலின் தட்டின்மேல் வைத்துவிட்டு அமைவதுதான் மிகப் பரவலான தவறு: கூடாரம் எழும்போது கல் உருண்டு விலகுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. எடை எதுவாயினும், அதனைத் தாங்கும் பட்டை அல்லது கயிறு காலின் உச்சியிலுள்ள மூலைப்பிடியிலிருந்து இறங்க வேண்டும். எடை தரையில் படிந்தோ தரைக்குச் சற்று மேலாகவோ காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். காற்றில் ஊசலாடும் எடை, சட்டகத்தை உலுக்குவதோடு அருகில் நிற்பவரின் முழங்காலையும் பதம் பார்க்கும்.

மண் தரையில் முளையும் இழுகயிறும் எடையினும் சிறந்தவை. முளை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க, கயிறு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இறங்குவது முறை. மண்ணின் குணமும் கருதத்தக்கது. கோடையில் பாறைபோல் இறுகியிருக்கும் கரிசல் மண், ஒரு மழைக்குப் பின் முளையை வெண்ணெயாய் விட்டுவிடும்; காலையில் உறுதியாக இருந்த முளை மாலையிலும் அவ்வாறே இருக்கும் என்று நம்ப இயலாது. கடற்கரை மணலில் குறுகிய முளை அறவே பயன்படாது. அங்கே ஒரு சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் கிடையாகப் புதைத்து மிதித்து மூட வேண்டும். மேலே கிடக்கும் மணலின் எடை முழுவதும் அப்போது பிடிமானமாக மாறுகிறது.

எவ்வளவு கட்டினாலும் ஓர் எல்லைக்குமேல் கூடாரத்தை இறக்கிவிடுவதே அறிவுடைமை. சென்னையில் கட்டடம் எழுப்புவோர் வினாடிக்கு 50 மீட்டர் காற்றையும், மதுரையிலும் கோவையிலும் எழுப்புவோர் 39 மீட்டர் காற்றையும் அடிப்படை வேகமாகக் கொண்டு வடிவமைக்க வேண்டும் என்று மேற்கூறிய நெறித்தொகுப்பு வகுத்துள்ளது; மடக்குக் கூடாரம் அத்தகைய காற்றுக்கு உரியதன்று. காற்றின் வேகத்தைக் கண்ணால் அறிய உதவும் போஃபர்ட் அளவுகோலில், சிறு மரங்கள் முழுமையாக ஆடத் தொடங்கும் ஐந்தாம் நிலை மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். பெருங்கிளைகள் அசைந்து, மின்கம்பிகள் சீழ்க்கை ஒலி எழுப்பி, குடை பிடிப்பது கடினமாகும் ஆறாம் நிலை 39 முதல் 49 கிலோமீட்டர். ஐந்தாம் நிலையிலேயே இறக்கும் வேலை தொடங்க வேண்டும்; ஆறாம் நிலையில் தொடங்கினால், இறக்குபவரே ஆபத்துக்கு உள்ளாவார்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் பகுதிகளில் இந்த ஐந்தாம் நிலை அன்றாட நிகழ்ச்சி. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதன் காரணமும் அதுவே. அங்கெல்லாம் அப்பருவத்தில் மடக்குக் கூடாரத்தைத் தவிர்த்துக் கட்டடத்தின் நிழலைத் தேடுவது நலம். கோடைமழையின் ஆபத்து வேறுவகை. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் எழும் இடிமுகிலிலிருந்து குளிர்ந்த காற்று கீழ்நோக்கி விழுந்து, தரையைத் தொட்டு, மழைக்கு முன்னோடியாக நாற்புறமும் பரவுகிறது. புழுக்கத்துக்குப் பின் திடீரெனக் குளிர்காற்று மேலே படுவதை ஆறுதலாகக் கருதாமல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும், ஏனெனில் அதற்கும் சூறைக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கக்கூடும். 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்து ஜசோல் கிராமத்தில், ராமகதை கேட்கக் கூடியிருந்தோர்மேல் புயற்காற்றில் பந்தல் சரிந்து 14 பேர் உயிரிழந்தனர். சரிந்த பந்தலில் மின்சாரமும் பாய்ந்தது. அது பெரும்பந்தல், எனினும் காற்றும் உலோகமும் மின்கம்பியும் சந்திக்கும் விதம் சிறிய கூடாரத்திலும் மாறுவதில்லை.

நிறுத்தும் முறை

இடத்தைத் தேர்ந்த உடனே மேலே பார்க்க வேண்டும். உச்சியில் மூன்று மீட்டருக்குமேல் எழும் உலோகச் சட்டகத்துக்கு மின்கம்பியின் அருகில் இடமில்லை. விரித்த கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நிழல் நாடி நகர்த்தும் பழக்கமும் விலக்கத்தக்கது, ஏனெனில் தூக்குபவர் எவரும் அப்போது மேலே பார்ப்பதில்லை.

நால்வர் இருப்பின் காலுக்கு ஒருவராகவும், இருவரெனின் எதிரெதிர்ப் பக்கங்களிலும் நின்று, வெளிக்காலைப் பிடித்து, தரையிலிருந்து சற்றுத் தூக்கியவாறு பின்னோக்கி நடக்க வேண்டும். கத்தரித் தண்டுகள் கூடும் இடங்களில் விரல் வைத்தால் நசுங்கும். முக்கால் பங்கு விரிந்த நிலையில் நிறுத்தி, துணியை மேலே போர்த்தி, நான்கு மூலைகளையும் வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டையால் பொருத்திய பின்னரே முழுதும் விரிப்பது முறை; முழுதும் விரித்தபின் போர்த்த முயன்றால் துணி மூலைகளில் இழுபட்டுத் தையல் விடும். துணி பொருந்தியதும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கையால் காலின் உச்சியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நகர்பிடியைத் தள்ளிப் பூட்ட வேண்டும். இதன் பின்னர், கால்களை உயர்த்துவதற்கு முன்பாகவே, எடைகளைக் கட்டிவிடுவது சிறந்தது. கூரை தாழ்ந்திருக்கும்போது மூலைப்பிடி கைக்கு எட்டும், காற்று வந்தாலும் பிடிக்க முடியும். கால்களை உயர்த்துகையில் ஒரு பக்கத்து இரண்டையும் ஒரு படி, எதிர்ப்பக்கத்து இரண்டையும் ஒரு படி என மாற்றி மாற்றி ஏற்றுவதால் கூரை அதிகம் சாயாது. இறக்கும்போது இதே வரிசை தலைகீழாகும்: முதலில் கால்கள் தாழ்த்தப்படும், பிறகே எடைகள் அவிழ்க்கப்படும். அவசரத்தில் எடையை முதலில் அவிழ்ப்பவர், கூடாரம் மிக உயர்ந்தும் பிணைப்பின்றியும் நிற்கும் ஒரு நிலையைத் தாமே உண்டாக்குகிறார்.

நிழல் எங்கே விழும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழல் கூரைக்கு நேர்கீழே விழுகிறது. ஆனால் அதே ஏப்ரல் நாளின் மாலை நான்கு மணிக்குச் சூரியன் மேற்கில் ஏறக்குறைய 33 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது இரண்டு மீட்டர் உயரமுள்ள கூரை விளிம்பின் நிழல் மூன்று மீட்டருக்குமேல் கிழக்கே தள்ளிப்போய் விழும். அதாவது, மூன்று மீட்டர் கூடாரத்தின் நிழல் முழுவதும் அதன் கால்களுக்கு வெளியே போய்விடுகிறது. மருத்துவ முகாம்களில் மாலையில் முதியோர் வரிசை வெயிலில் நிற்பதற்கு அமைப்பாளரின் அக்கறைக் குறைவு காரணமன்று, இந்த வடிவக்கணிதமே காரணம். நாற்காலிகளைக் கிழக்குப் பக்கத்துக்கு வெளியே நகர்த்துவதே எளிய தீர்வு. மேற்குப் பக்கத்தில் பக்கத்துணி தொங்கவிடுவதும் வழக்கம். ஆயினும் பக்கத்துணி கட்டிய கூடாரம் காற்றுக்குப் பாய்மரமாகிறது. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து, அத்திறப்பு காற்றை எதிர்நோக்கியிருப்பின், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். ஆகவே பக்கத்துணியைப் பாதி உயரத்துக்குக் கட்டுவதும், காற்று எழுந்தவுடன் அதனை முதலில் அவிழ்ப்பதும் நன்று. உச்சியில் காற்றுவாய் விடப்பட்ட கூரைத்துணி, வெப்பக் காற்றையும் வெளியேற்றித் தூக்குவிசையையும் சற்றுக் குறைப்பதால், வாங்கும்போது விலை கூடினாலும் அதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேங்கும் நீர்

காற்றுக்கு அடுத்தபடியாகச் சட்டகத்தை முறிப்பது கூரையில் தேங்கும் மழைநீர். துணி தளர்ந்திருந்தால் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே சிறு பள்ளம் விழுகிறது. அதில் தேங்கிய நீரின் எடை பள்ளத்தை ஆழமாக்க, ஆழமான பள்ளம் மேலும் நீரைச் சேர்க்கிறது. இரண்டடி அகலமும் அரையடி ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தில் ஏறக்குறைய 23 லிட்டர் நீர் நிற்கும், அதாவது 23 கிலோ. நான்கு பக்கமும் அவ்வாறு நிற்பின் தொண்ணூறு கிலோவுக்குமேல் மெல்லிய தண்டுகளின்மேல் தொங்குகிறது. துணியின் மூலைப் பட்டைகளை இறுக்குவதும், நடுக்கம்பத்தை முழுமையாக உயர்த்துவதும், ஒரு பக்கத்துக் கால்களை ஒரு படி தாழ்த்தி நீர் ஒரே திசையில் வடியச் செய்வதும் இதனைத் தடுக்கும். தேங்கிவிட்டால், பள்ளத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளங்கையாலோ துணி சுற்றிய துடைப்பத்தாலோ மெல்லத் தூக்கி வடிக்க வேண்டும். நடுவில் கம்பால் குத்துவது துணியைக் கிழிக்கும், நீர் ஒரே பக்கமாகப் பாய்ந்தால் கூடாரமும் சரியும். இரவு முழுவதும் விரித்தே விட்டுச் செல்வோர் காலையில் காணும் வளைந்த சட்டகங்கள் பெரும்பாலும் இத்தகையவை. ஆளில்லாத நேரத்தில் கூடாரம் நிற்கக் கூடாது என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். இடி கேட்கத் தொடங்கினால் மழைக்கு ஒதுங்கவும் இக்கூடாரம் உரியதன்று. உலோகக் கால்களுடன் திறந்த வெளியில் நிற்கும் இது மின்னலிலிருந்து எந்தக் காப்பும் தருவதில்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, அருகில் மின்னல் விழும் வாய்ப்பை முன்னறிவிப்பதால், திறந்தவெளி முகாம் நடத்துவோர் கைப்பேசியில் அதனை வைத்திருப்பது பயன்தரும்.

நெருப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவைப்படாத அளவுக்கு இந்நாடு துயரங்களைக் கண்டிருக்கிறது. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில், பள்ளி விழாவுக்கென விரிக்கப்பட்ட செயற்கை இழைப் பந்தலில் மூண்ட தீ 442 உயிர்களைக் குடித்தது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தின் பந்தலில் பற்றிய தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மடக்குக் கூடாரத்தின் பாலியெஸ்டர் துணி ஏறக்குறைய 250 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி, சொட்டும் துளிகளாகத் தோலில் ஒட்டும் தன்மையது. அதன்கீழ் எரிவாயு அடுப்பு வைத்து டீ போடுவதும் பஜ்ஜி பொரிப்பதும் எவ்வளவு வழக்கமாயினும் ஏற்கத்தக்கதன்று. தீத்தடுப்புப் பூச்சுள்ள துணிகள் கிடைக்கின்றன. அவை தீ பரவுவதைத் தாமதிக்கும், அடுப்புக்கு அனுமதி தருவதில்லை.

துணியும் உலோகமும்

கூரைத்துணியின் தடிமனைக் குறிக்க டினியர் என்ற அலகு வழங்குகிறது; 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டினியர். 300 டினியர் துணி இலேசானது. அடிக்கடி விரித்து மடக்குவோருக்கு 600 டினியர் ஏற்றது. நீர் புகாமைக்குக் காரணம் நெசவைவிட, அதன் உட்புறத்தில் பூசப்பட்ட பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. படலமே. துணியைப் பேணுவது என்பது பெரும்பாலும் இப்படலத்தைப் பேணுவதாகும். சலவைத்தூளும் பிளீச்சிங் கலவையும் வாஷிங் மெஷினும் இதனை உரித்துவிடும்; வெந்நீர் தளர்த்தும். குளிர்ந்த நீரில் சிறிது மென்மையான சோப்பைக் கரைத்து, மென்தூரிகையால் தேய்த்து, நன்கு அலசி, நிழலில் காயவைப்பதே போதும். பறவை எச்சம் காய்ந்து இறுகும் முன்னரே நனைத்துத் துடைக்கப்பட வேண்டும்.

ஈரத்துணியை மடித்து உறைக்குள் இடுவதுதான் துணிக்கு நேரும் தலையாய தீங்கு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை நகரங்களின் காற்றீரத்தில், மடித்த துணியில் ஓரிரு நாள்களுக்குள் பூஞ்சை படர்ந்து கரும்புள்ளிகள் தோன்றிவிடும். புள்ளிகள் பிறகு மறைவதில்லை, நாற்றமும் எளிதில் போவதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேன் படலத்தையே சிதைத்துப் பிசுபிசுப்பாக்கும். அந்நிலைக்கு வந்த துணியைச் சீராக்க வழி கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த நிலையிலேயே மடக்க நேர்வது இயல்பு. அன்றிரவே வீட்டிலோ அலுவலகத்திலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ விரித்துப் போட்டுவிட்டால் கேடில்லை.

உலோகச் சட்டகத்தில் இருவகை உண்டு. இரும்புச் சட்டகம் பவுடர் கோட்டிங் எனப்படும் சுட்ட வண்ணப் பூச்சால் காக்கப்படுகிறது. பூச்சு சிராய்ந்த இடத்தில் துரு தொடங்கும் என்பதால், சிராய்ப்பைக் கண்டவுடன் வண்ணம் தொட்டுவிட வேண்டும். அலுமினியச் சட்டகம் இலேசானது, துருவேறாதது. எனினும் உப்புக்காற்றில் அலுமினியத்தைத் தொட்டிருக்கும் இரும்பு போல்ட்டுகளைச் சுற்றி வெண்பொடி படிந்து அரிப்பு நேரும். இரு வகைக்கும், கடற்கரையில் பயன்படுத்திய அன்றே நல்ல நீரால் கழுவித் துடைப்பது அவசியம். கால்களின் உள்குழாயில் புகுந்த மணல், நீட்டி மடக்கும்போது அரம்போல் அறுக்கும். காலைத் தலைகீழாக்கித் தட்டி வெளியேற்ற வேண்டும். மூட்டுகளுக்கு எண்ணெய் இடுவோர் பலர். எண்ணெய் தூசியையும் மணலையும் பிடித்து வைப்பதால் அதற்கு மாற்றாகச் சிலிக்கோன் ஸ்பிரே பயன்படுத்துவது நல்லது. அச்சாணி நட்டுகள் கழலாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். அதற்குமேல் முறுக்கினால் தண்டு சுழலாமல் வளையும்.

வளைந்த தண்டை நெம்பி நிமிர்த்துவது பலரும் கையாளும் வழி. நிமிர்ந்த தண்டு பார்வைக்குச் சீராகத் தோன்றினாலும், ஒருமுறை வளைந்த இடத்தில் குழாயின் சுவர் நசுங்கித் தன் வலுவை இழந்திருக்கும். அடுத்த காற்றில் அதே இடத்தில் மடியும். தண்டுகளும் மூலைப்பிடிகளும் நட்டு போல்ட்டால் பூட்டப்பட்டவையே ஆதலால், சாவி ஒன்றைக் கொண்டு அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம், உதிரிபாகம் கிடைக்குமாயின். மலிவான கூடாரங்கள் பலவற்றின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது: ஒரு நெகிழிப் பிடி உடைந்ததற்காக முழுச் சட்டகமும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எனவே வாங்கும்போதே தண்டு, மூலைப்பிடி, நகர்பிடி ஆகியவை தனியே கிடைக்குமா என்று கேட்டு, கிடைப்பின் இரண்டு தண்டுகளையும் ஒரு பிடியையும் கூடுதலாக வாங்கி உறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நன்று. இடைவிடாத வெயிலில் நிற்பதால் துணி சட்டகத்துக்கு முன்பே நைந்துபோகும். புதுத்துணி வாங்குவோர், ஒரு தயாரிப்பாளரின் துணி மற்றொருவரின் சட்டகத்தில் பொருந்துவது அரிது என்பதால், சட்டகத்தை முழுதும் விரித்துப் பூட்டி, மூலைக்கு மூலை நீளத்தையும் விளிம்பிலிருந்து உச்சிவரையுள்ள உயரத்தையும் அளந்து எடுத்துச் செல்ல வேண்டும்.